தணிகாசலத்தின் நெஞ்சளவு

அத்திமூலை ஊருக்குச் சொந்தமான காற்று முழுவதையும் ரேணுகாம்பாளின் மகன் தணிகாசலம் ஒரே மூச்சில் உள்ளே இழுத்துக்கொண்ட காலையில், டீக்கடை அடுப்புப் புகை வளையாமல் நெளியாமல் நேராக மேலே போயிற்று, புளியமரம் இலையசைக்காமல் நின்றது, கொடியில் காயப்போட்ட வேட்டி போட்டது போட்டபடி தொங்கிற்று, களத்தில் கேழ்வரகு தூற்ற முறத்தைச் சாய்த்த பெண்களின் காலடியில் தானியமும் பதரும் பிரிய மனமில்லாமல் ஒன்றாகவே வந்து விழுந்தன. "இன்னாடி இது, காத்து இன்னிக்கி வேலைக்கு வரலியா?" என்று பூங்காவனம் கேட்டாள். ஊரில் எந்தப் புகாரும் முதலில் பூங்காவனத்தின் வாயிலிருந்துதான் வரும் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஊரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அங்கே வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்தில் இருப்பார்கள். கூடத்துச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொப்பி போட்ட போட்டோ ஒன்று தொங்கும். சம்பந்தம் பேச வருகிறவர்கள் முதலில் அந்தப் போட்டோவைத்தான் பார்ப்பார்கள், அப்புறம்தான் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள். ரேணுகாம்பாள் வீட்டுச் சுவரில் சாமி மட்டும்தான் இருந்தார். அவள் புருஷன் கிணறு வெட்டப் போன இடத்தில் பாறை சரிந்து போய்ச் சேர்ந்துவிட்டார். அவளுக்கென்று மிச்சம் இருந்தது ஒரே மகன்.

மகனோ லேசுப்பட்டவன் இல்லை. தணிகாசலம் ஓட ஆரம்பித்தால் தெருநாய்கள் துரத்துகிற எண்ணத்தையே விட்டுவிடும். பள்ளம் தாண்டச் சொன்னால் பள்ளத்தையும் தாண்டி, அந்தப் பக்கம் அளக்க நிற்கிறவரையும் தாண்டிப் போய் விழுவான். கம்பியில் தொங்கி உடம்பைத் தூக்கச் சொன்னால், போதும் இறங்குடா என்று கெஞ்சுகிற வரைக்கும் தூக்குவான். நெஞ்சுதான் விரியவில்லை. மூச்சை விட்டு ஒரு அளவு, மூச்சை இழுத்து ஒரு அளவு, இரண்டுக்கும் நடுவே ஐந்து சென்டிமீட்டராவது வித்தியாசம் இருக்க வேண்டும் என்பது பட்டாளத்துக் கணக்கு. அவன் கண் பிதுங்க இழுத்தாலும் டேப் நாலைத் தாண்டாது. இரண்டு ஆள் எடுப்பில் இதே கதை நடந்து திரும்பி வந்துவிட்டான். இந்த வருஷத்தோடு வயசு வரம்பும் முடிகிறது, இதை விட்டால் அவ்வளவுதான்.

ஊர் சும்மா இருக்குமா? ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். பலூன் ஊது என்றார்கள். அவன் ஊதித் தள்ளியதில் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தினமும் பிறந்தநாளாயிற்று. கோயிலில் சங்கு ஊது என்றார்கள். பூசாரி தன் பிழைப்புக்கு வேட்டு வைக்கப் பார்க்கிறார்கள் என்று முறைத்துக்கொண்டார். பச்சை முட்டை, ஊறவைத்த கடலை, முருங்கைக்கீரைச் சாறு என்று யார் எதைச் சொன்னாலும் ரேணுகாம்பாள் முகம் சுளிக்காமல் செய்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு அம்மன் கோயிலுக்குப் போய், "எம்புள்ளைக்கு நெஞ்சு விரியணும் தாயே" என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டாள். விரியாமலே போனால்தான் என்ன என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். இரண்டு முறையும் அவன் தோற்றுத் திரும்பிய அன்று அவள் வாசலில் உட்கார்ந்து அவன் சட்டையைத் துவைத்துக்கொண்டே அழுதாள். பார்த்தவர்கள் துக்கம் என்று நினைத்து ஆறுதல் சொன்னார்கள். அது சந்தோஷம். இப்படியும் ஒரு தாய் உண்டா என்று தன்னையே வைதுகொண்டாள், ஆனாலும் சந்தோஷம் குறையவில்லை.

இந்த நிலைமையில்தான் அன்று விடிகாலையில் அவன் மலைக்கணவாய் வரைக்கும் ஓடி, அங்கே இடுப்பில் கை வைத்து நின்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூச்சை இழுத்தான். அந்தக் கணவாய் வழியாகத்தான் காற்று நாள்தோறும் ஊருக்குள் வரும். வருகிற வழியில் ஒரு வாசல் திறந்திருந்ததால் அது உள்ளே போயிற்று. தணிகாசலம் வீட்டுக்கு வந்து, "யம்மா, பசிக்குது" என்றான். சட்டையில் பொத்தான்கள் இல்லை.

விஷயம் வெளியானது டீக்கடையில். மிளகாய் பஜ்ஜியின் காரம் ஏறி அவன் ஒரு தும்மல் போட்டான். கடையின் கூரைத் தகரம் கிளம்பிப் போய் ஏரிக்கரையில் உட்கார்ந்தது, பெஞ்சில் இருந்தவர்கள் பெஞ்சோடு எதிர்ச்சுவரில் ஒட்டிக்கொண்டார்கள். அடுத்த மூச்சில், வெளியே வந்த காற்று மொத்தமும் மேய்ச்சல் முடிந்த மாடு போல மறுபடி அவனுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது. டீக்கடைக்காரர் மூஞ்சியில் வழிந்த டீயைத் துடைத்துக்கொண்டு, "அட, காத்து இங்கதான் கீதா? காலையில இருந்து ஊரே தேடிகினு கீது" என்றார். தகரத்தை எடுத்து வர ஒரு ஆளை அனுப்பினார்.

இது எப்படி நடந்தது என்று அத்திமூலையில் யாரும் கேட்கவில்லை. யார் களத்துக்கு முதலில் என்றுதான் கேட்டார்கள். அறுப்பு முடிந்த கேழ்வரகு ஊரெங்கும் மிதித்துக் குவித்துக் கிடந்தது, தூற்றக் காற்று வேண்டும். ஆகவே ஊர்க்கூட்டம் கூடிற்று. ஏரித் தண்ணீரை முறை வைத்துத் திறந்துவிடுகிற நீர்ப்பாய்ச்சி ஜலகண்டன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு எழுந்தார். அவருக்கு உலகத்தில் எல்லாமே ஏரி மாதிரிதான், கல்யாணப் பந்தியைக்கூட அவர் தலைமடை கடைமடை என்றுதான் பிரிப்பார்.

"ஏரி ரொம்பிச்சின்னா இன்னா பண்றோம்? முறை வச்சிப் பாய்ச்சறோம். இப்ப பையன் ரொம்பியிருக்கான். இதுல பேசறதுக்கு இன்னா கீது?" என்றார்.

"கடைமடைக்குத் தண்ணிதான் கடைசியா வருது. காத்துமா?" என்றாள் பூங்காவனம்.

"உனுக்கும் கீழ ஒருத்தங்க இருக்காங்க. மதகு யார் கையில இருக்குதோ அவங்க நெலத்துக்குக் கடைசியாத்தான் பாயணும், அது நம்ம ஊர் வழக்கம். என் கழனிக்கு நான் எப்பவாச்சும் முன்னாடி பாய்ச்சியிருக்கனா? இப்ப மதகு ரேணுகாம்பா வூட்ல கீது. அதனால அவங்க களந்தான் கடைசி."

எல்லோரும் ரேணுகாம்பாளைப் பார்த்தார்கள். அவள், "எனுக்கு ஒண்ணியும் அவசரமில்லீங்கண்ணா" என்றாள். உண்மையைத்தான் சொன்னாள்.

மறுநாளிலிருந்து தணிகாசலம் களம் களமாகப் போனான். ஒவ்வொரு களத்திலும் அவனுக்கு ஒரு கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்காரவைப்பார்கள், மோர் கொடுப்பார்கள், பக்கத்தில் ஜலகண்டன் மண்வெட்டியோடு நிற்பார். "அரை மதகு திற" என்றால் உதட்டைக் குவித்து ஊத வேண்டும். "முக்கால்" என்றால் கொஞ்சம் விரிக்க வேண்டும். "டேய், தானியமும் சேந்து போவுதுடா, மூடு மூடு!" என்றால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். சாயங்காலம் அவன் தெருவில் ஈரப் புடவைகளைக் கொடி கட்டிப் போட்டார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் பந்தல் வியர்க்காமல் இருக்க அவனுக்குத் தனிப் பத்திரிகை வைத்தார்கள். படுக்கையில் கிடந்தவர்கள் தங்கள் ஜன்னல் பக்கம் அவன் கொஞ்சம் பெருமூச்சு விட்டுவிட்டுப் போகட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். பெருமூச்சுக்கு அவனிடம் பஞ்சமில்லாததால் அதுவும் நடந்தது.

திருட்டும் நடந்தது. முறை வருவதற்குள் மழை வந்துவிடும் என்று பயந்த பூங்காவனம், ஓடிப் பழகிவிட்டுத் திரும்புகிறவனைத் தன் களத்தோரம் மடக்கி, தன் புருஷன் மாமியார் வீட்டில் ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னாள். தணிகாசலம் சிரித்தான். அவன் அடக்கமாட்டாமல் சிரிக்கச் சிரிக்க அவள் அவசர அவசரமாகத் தூற்றினாள். களம் பாதி முடிவதற்குள் ஜலகண்டன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "கரையை ஒடைச்சித் தண்ணி திருடறதும் இதுவும் ஒண்ணுதாம்மா!" என்று கத்தினார். ஊர்க்கூட்டம் அவளுக்குக் கோயிலில் தேங்காய் உடைக்கச் சொல்லித் தீர்ப்பு விதித்தது. அவள் உடைத்தாள், மூடியை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சட்னி அரைத்துக்கொண்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஒருநாள் தணிகாசலம் டேப்பை எடுத்து வந்து, "யம்மா, அளந்து பாரு" என்றான். ரேணுகாம்பாள் சுற்றிப் பிடித்தாள். அரிசிக் குதிர் மாதிரி இருந்தது நெஞ்சு. இழுத்தான், அதே அளவு. விட்டான், அதே அளவு. ரொம்பின ஏரியில் மேலும் தண்ணீர் ஏறவா போகிறது? ஒரு நூல்கூட டேப் அசையவில்லை.

"முன்னாடி நாலாச்சும் இருந்திச்சி. இப்ப அதுவும் பூட்ச்சிம்மா" என்றான். குரல் உடைந்துவிட்டது. அந்தத் தேம்பலில் அடுக்கில் இருந்த ஈயப் பாத்திரங்கள் உருண்டன.

அவன் ஜலகண்டனிடம் போய்க் கேட்டான், முழுவதையும் ஒரே மூச்சில் வெளியே ஊதி விடுகிறேன் என்று. கொஞ்சம் கொஞ்சமாக விட்டால்தான் அது திரும்பி வந்துவிடுகிறது, அடியோடு காலி செய்தால் வராது என்று அவனுக்கு உள்ளே தெரிந்தது. ஜலகண்டன் நியாயமானவர். யோசித்து, "தொறந்து வுடலாம். ஆனா கடைசிக் களம் முடிஞ்சப்புறம்தான். பாசனம் முடியறதுக்கு முன்ன எந்த ஊர்லடா ஏரியத் தொறந்து வுடுவாங்க? ஒங்கம்மா களம் முடியட்டும், கணவாயப் பாத்து நின்னு ஊதிட்டுப் போ" என்றார்.

அன்றிலிருந்து தணிகாசலம் தினமும் கேட்டான். "யம்மா, நம்ம களம் காஞ்சிச்சா?"

"இன்னும் இல்லடா. ஈரமாத்தான் கீது."

ஊரில் எல்லாக் களமும் முடிந்துவிட்டன. வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனாலும் ரேணுகாம்பாளின் கேழ்வரகு மட்டும் காயவே இல்லை, ஏனென்றால் மகன் ஓடப் போனதும் அவள் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போய், சாணி தெளிப்பது போலக் குவியல் முழுக்கத் தெளித்துவிட்டு வந்தாள். ஒவ்வொரு நாளும் இதுதான் கடைசி என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் அவன் காலணிக் கயிற்றைக் கட்டும்போது அந்தப் பிடரியைப் பார்ப்பாள், சொம்பு தானாகக் கைக்கு வந்துவிடும். தெளித்துக்கொண்டே நாள் போய் ஆள் எடுப்பும் வந்துவிட்டது.

கிளம்புகிற அன்று காலையில் தணிகாசலம் களத்துக்குப் போய்க் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வந்தான். "ஈரமா கீது, மூடி வச்சிட்டேன். நான் வர்ற வரைக்கும் நீ தனியா கெடந்து கஷ்டப்படாத" என்றான்.

ஊர்க் காற்று ஊரை விட்டுப் போகிறது, அதை ஒற்றை ஆளை நம்பி அனுப்ப முடியுமா? செங்கல் சூளைக்கு உமி ஏற்றுகிற லாரியைப் பிடித்து, பாதி உமியோடு இருந்ததையும் பார்க்காமல் ஊரே ஏறிக்கொண்டது. வழியெல்லாம் ஜலகண்டன் புத்தி சொன்னார். "தம்பி, அங்க தும்மக் கூடாது. சிரிக்கக் கூடாது. எவன் இன்னா சொன்னாலும் வாயத் தொறக்காத. வேற ஊர்ல வுட்டுட்டா அப்பால நாம எங்க போய்த் தேடறது?"

மைதானத்தில் ஆயிரக்கணக்கில் பையன்கள், எல்லார் முகத்திலும் ஒரே பயம். கம்பி வேலிக்கு வெளியே பெற்றவர்கள். தணிகாசலம் ஓடினான். ஒரு ஊரின் மூச்சு உள்ளே இருக்கும்போது அவனுக்கு எப்படி மூச்சு வாங்கும்? முதலாவதாக வந்து, வேர்வைகூட இல்லாமல் நின்றான். சுற்றைக் குறைத்து ஏமாற்றிவிட்டான் என்று சந்தேகப்பட்டு மறுபடி ஓடச் சொன்னார்கள். மறுபடியும் முதலில் வந்தான். பள்ளம் தாண்டினான், கம்பியில் ஏறினான், எல்லாம் சரி. கடைசியாக வேலியோரம் ஷாமியானா போட்டு டேப்போடு நின்ற சுபேதாரிடம் அனுப்பினார்கள்.

சுபேதார் வடக்கத்திக்காரர், கொத்து மீசை. நெஞ்சைச் சுற்றி டேப்பை ஓட்டிப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு நெஞ்சா என்று புருவத்தைத் தூக்கினார். மூச்சை விடு என்று கையைக் காட்டினார். டேப் அசையவில்லை. இழு என்று காட்டினார். அசையவில்லை. அவர் மறுபடி ஒரு தடவை பார்த்துவிட்டு, பாவம் என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டே பேனாவை எடுத்தார்.

தணிகாசலம் வேலிப்பக்கம் திரும்பினான். அங்கே ஊர் மொத்தமும் ஆளுக்கொரு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டு, விடாதே விடாதே என்று மறு கையை ஆட்டிக்கொண்டு நின்றது. அவர்களுக்கு நடுவில் அம்மா நின்றாள். அவன் அவளைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவன் சமாதானமாகப் பார்த்தான், பரவாயில்லைம்மா என்பது போல. பார்த்துவிட்டு உதட்டை இறுக மூடிக்கொண்டான்.

அப்போதுதான் ரேணுகாம்பாளுக்கு உறைத்தது. தார்ப்பாய் போட்டு மூடியவன் குவியலைத் தொட்டிருப்பான். தொட்டவனுக்குத் தெரிந்திருக்கும், மேலே மட்டும்தான் ஈரம், கையை விட்டால் அடியெல்லாம் காய்ந்து கலகலவென்று கிடக்கிறது என்று. தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்காமல் லாரி ஏறியிருக்கிறான். கம்பி வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மைதானமே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

"டேய் தணிகா! ஊதுடா! எல்லாத்தையும் ஊது! களம் எப்பவோ காஞ்சி பூட்ச்சி, நாந்தாண்டா தண்ணி தெளிச்சேன்! பாவி நாந்தான் தெளிச்சேன்! ஊதுடா என் ராஜா!"

தணிகாசலம் ஊதினான்.

ஷாமியானா முதலில் கிளம்பிற்று, பின்னாலேயே நாற்காலிகள், அதற்குப் பின்னால் தொப்பிகள். வரிசையில் நின்ற பையன்கள் கதிர் சாய்வது போல ஒரே பக்கமாகச் சாய்ந்தார்கள். அதிகாரியின் ஜீப் தானாகப் பின்னால் நகர்ந்து போய் நிழலில் நின்றது. சுபேதார் மட்டும் கடமை தவறாதவர், டேப்பை விடவில்லை. கால் இரண்டும் தரையை விட்டெழும்பி, கொடி பறப்பது போலப் படுக்கை வசத்தில் பறந்துகொண்டே அவர் ஒரு கண்ணை மூடி அளவைப் பார்த்தார். நெஞ்சு வற்றி வற்றி, ஒரு சாதாரணப் பையனின் நெஞ்சாயிற்று. சுபேதார் தரையிறங்கினார். மீசையைச் சரி செய்துகொண்டு, இழு என்று கையைக் காட்டினார். தணிகாசலம் தன் சொந்த மூச்சை மட்டும் இழுத்தான். இத்தனை நாள் ஒரு ஊரைச் சுமந்து பழகிய நெஞ்சு அல்லவா, ஐந்தைத் தாண்டி ஆறில் போய் நின்றது. எழுதக் காகிதம் எதுவும் மிச்சமில்லாததால் சுபேதார் அதைத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

அதற்குள் வேலிக்கு வெளியே ஊர் வேறு கவலையில் இருந்தது. வெளியே வந்த காற்று வழி தெரியாமல் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது. "ஐயோ, போச்சே!" என்று எல்லாரும் தலையில் கை வைத்தபோது ஜலகண்டன் லாரியில் ஏறினார். "காத்து உமியப் பாத்தா வுடாதுடா. அள்ளி எறைங்க!" என்றார். ஊர் உமியை அள்ளி அள்ளி இறைத்தது. காற்று முதலில் மோந்து பார்த்தது, அப்புறம் அள்ளிக்கொண்டது, அப்புறம் பின்னாலேயே வர ஆரம்பித்தது. டிரைவர் முதல் கியரை மாற்றாமல் ஓட்டினார். மேம்பாலத்தடியில் அது மிரண்டு நின்றபோது இறங்கிப் போய் ஒரு கூடை உமி கொட்டி அழைத்து வந்தார்கள். ஜவுளிக்கடை வாசலில் பொம்மைகளின் புடவையை உருவிக்கொண்டு நின்றபோது அதட்டிக் கூட்டி வந்தார்கள். பொழுது சாய்கிற நேரத்துக்குக் கணவாய் வந்தது. அங்கே அதற்கு இடம் தெரிந்துவிட்டது, லாரியை முந்திக்கொண்டு ஊருக்குள் ஓடிற்று.

லாரியில் வரும்போது ரேணுகாம்பாள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பூங்காவனம்தான் உடம்பெல்லாம் உமியோடு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் சிரிக்க வச்சித் திருடுனேன், நீ தெளிச்சித் திருடுன. கணக்கு சரியாப் போச்சி" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் குரலைத் தாழ்த்தி, "எம்பெரியவன் செலக்‌ஷனுக்குப் போற அன்னிக்கு அவன் ஷூவ நான் வைக்கப்போர்ல ஒளிச்சி வச்சேன் யக்கா. வெறுங்காலோட ஓடிப் பாஸ் ஆயிட்டான் கேடி" என்றாள். லாரியில் இருந்த மற்றத் தாய்மார்களும் ஒவ்வொருத்தியாக ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். ஊருக்கே அன்றுதான் தெரிந்தது, அத்திமூலையில் ஒரு பிள்ளைகூட அம்மா தடுக்காமல் பட்டாளம் போனதில்லை என்பது.

தணிகாசலம் பெட்டியோடு ரயிலேறிப் போனான். ரேணுகாம்பாள் அழுதாள், இந்த முறை அது துக்கமும் சந்தோஷமும் பிரிக்க முடியாமல் கலந்த அழுகை. முதல் போன் வந்தபோது அவன் குரல் சுருங்கி இருந்தது.

"யம்மா, இங்க ஓடறப்ப நல்லா மூச்ச இழு, இழுன்னு கத்தறாங்க. எனுக்கு பயமா கீது. மறுபடி நம்ம ஊர்க் காத்து உள்ள வந்துட்டா? அதான் பாதி மூச்சுலயே ஓடறேன். தெனமும் கடைசியா வர்றேன்மா."

"பைத்தியக்காரா, நல்லா இழுத்து வுட்டு ஓடுடா" என்றாள் அவள். "ஊர்ல கொறஞ்சா கொறையட்டும். கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

அவன் மூடிய தார்ப்பாயைப் பிரிக்க அதுவரை மனம் வராமல் இருந்தவள், மறுநாள் காலையில்தான் தன் களத்தைத் தூற்றினாள். ஊர்ப் பெண்கள் ஒத்தாசைக்கு வந்திருந்தார்கள், காற்றும் நன்றாகவே வந்தது. முறத்தைச் சாய்க்கச் சாய்க்க தானியம் காலடியில் குவிந்தது, பதர் ஆற்றோட்டம் போல ஒரு பக்கமாகப் போயிற்று. திடீரென்று காற்று நின்றது. பறந்துகொண்டிருந்த பதர் அப்படியே அந்தரத்தில் நின்றது, கீழேயும் விழாமல், அப்பாலும் போகாமல். பெண்கள் கையை அசைக்காமல் நின்றார்கள். புகார் சொல்ல வாயெடுத்த பூங்காவனம்கூட முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஓடறான் போல" என்றார் ஜலகண்டன் மெதுவாக.

ரேணுகாம்பாள் தலைக்கு மேல் தொங்கிய பதரையே பார்த்துக்கொண்டு நின்றாள். தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியவில்லை. மகன் இழுத்தது முழு மூச்சுத்தான், பாதி மூச்சு இல்லை, அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. பிறகு காற்று திரும்பி வந்து அவள் முகத்தில் அடித்து, முந்தானையை உருவி, பதரை அள்ளிக்கொண்டு போயிற்று.

"வெறும் வயித்துல ஓடாதன்னு எத்தினி தடவ சொல்றது" என்று அவள் அதை அதட்டிவிட்டு, அடுத்த முறத்தைத் தூக்கினாள்.